சூரியப் புயல் வந்தால் பிளக்கைப் பிடுங்க வேண்டுமா?

2024ம் ஆண்டு மே 11, சனிக்கிழமை காலை. சங்கரன்கோவிலிலிருந்து என் தாய்மாமா போனில் அழைத்தார். விசைத்தறி வியாபாரக் கணக்கு எழுதுவதற்காக இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அவர் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தார். குரலில் பதற்றம்.

"மருமகனே, சூரியப் புயல் வருதாம்லா. கம்ப்யூட்டர், யூ.பி.எஸ்., மோடம் எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டேன். செல்போனை மட்டும் வச்சிருக்கேன். இதையும் ஆப் பண்ணிரவா?"

அவருக்கு வாட்ஸ் அப்பில் ஒரு தகவல் வந்திருந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். "நாசா எச்சரிக்கை! இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை ஆபத்தான கதிர்கள் பூமியைக் கடக்கும். எல்லா மின்னணுச் சாதனங்களையும் அணைத்து விடுங்கள். பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்று பல ஆண்டுகளாக ஊர் சுற்றும் அதே தகவல்தான். தேதி மட்டும் மாறும்.

"மாமா, இன்னிக்கு 11ம் தேதி. ஜி.எஸ்.டி.ஆர்.-1 போட்டாச்சா?" என்று கேட்டேன். மறுமுனையில் சத்தமே இல்லை. ஏப்ரல் மாத விற்பனைக் கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள் அன்றுதான். பிளக்குகளை எல்லாம் மறுபடி மாட்டி, மதியத்துக்கு மேல் ஒரு வழியாகத் தாக்கல் செய்து முடித்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், புயல் பொய்யில்லை. அன்று உண்மையிலேயே பூமியைச் சூரியப் புயல் தாக்கிக் கொண்டிருந்தது. 2003ம் ஆண்டுக்குப் பிறகு வந்தவற்றில் அதுதான் மிகப் பெரியது. தவறு, "அதனால் பிளக்கைப் பிடுங்குங்கள்" என்ற முடிவில்தான் இருந்தது. சூரியப் புயல் எதைத் தாக்கும், எதைத் தாக்காது என்று தெரிந்து கொண்டால் இந்தப் பயம் போய்விடும். அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

சூரியப் புயல் என்றால் என்ன?

சூரியன் கொதிக்கும் வாயுக்களால் ஆன உருண்டை. அதன் உள்ளே காந்தப் புலங்கள் முறுக்கேறிக் கொண்டே இருக்கும். நூலை முறுக்கிக் கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அறுந்து தெறிக்கும் அல்லவா? அதைப் போலவே காந்தப் புலமும் ஒரு கட்டத்தில் அறுந்து மீண்டும் சேரும். அப்போது வெளிப்படும் ஆற்றல்தான் சூரியப் புயலின் தொடக்கம். சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளின் பக்கத்தில்தான் இது பெரும்பாலும் நடக்கும். கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒரு முறை பெருகிக் குறையும். இப்போதைய சுழற்சியின் உச்ச கட்டத்தைச் சூரியன் எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது.

புயலில் மூன்று விதமான பொருட்கள் நம்மை நோக்கி வருகின்றன.

1. வெளிச்சமும் எக்ஸ்-ரேயும்: இதைச் சூரியத் தீப்பிழம்பு என்பார்கள். சூரியன் நம்மிடமிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் உள்ளது. ஒளிக்கு அந்தத் தூரம் எட்டரை நிமிடத்துக்கும் குறைவு. இதன் வலிமையை ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று ஐந்து வகுப்புகளாகப் பிரித்துள்ளனர். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் பத்து மடங்கு.

2. வேகத் துகள்கள்: பெரும்பாலும் புரோட்டான்கள். இவை சில பத்து நிமிடங்கள் முதல் சில மணி நேரத்தில் வந்து சேரும்.

3. வாயு மேகம்: கோடிக்கணக்கான டன் எடையுள்ள, மின்னேற்றம் பெற்ற வாயு, தன் காந்தப் புலத்தையும் சுமந்து கொண்டு வரும். சாதாரணமாக ஒன்று முதல் மூன்று நாட்கள் ஆகும். அதிவேக மேகம் ஒரு நாளுக்குள்ளேயே வந்துவிடும்.

மூன்றாவதாக வரும் இந்த மேகம் பூமியின் காந்தப் புலத்தில் மோதும்போது ஏற்படும் குழப்பத்தைப் புவிகாந்தப் புயல் என்கிறோம். இதற்கு ஜி1 முதல் ஜி5 வரை அளவுகோல் உண்டு. ஜி1 அளவுப் புயல் 11 ஆண்டுச் சுழற்சியில் சுமார் 900 நாட்கள் வரும். நமக்குத் தெரியாமலேயே வந்து போய்விடும். ஜி5 என்பது அதே 11 ஆண்டுகளில் சுமார் நான்கு நாட்கள்தான். மாமா பிளக்கைப் பிடுங்கிய நாள் அப்படிப்பட்ட ஒரு ஜி5 நாள்.

மும்பையில் பதிவான மாபெரும் புயல்

1859 செப்டம்பர் 1. இங்கிலாந்தில் ரிச்சர்ட் காரிங்டன் என்பவர் சூரியக் கரும்புள்ளிகளைப் படம் வரைந்து கொண்டிருந்தார். திடீரென்று அவற்றின் நடுவே இரண்டு இடங்களில் கண்ணைப் பறிக்கும் வெள்ளை ஒளி தோன்றிச் சில நிமிடங்களில் மறைந்தது. அடுத்து வந்த வாயு மேகம் 18 மணி நேரத்துக்குள் பூமியை அடைந்தது.

அப்போது நம் நாட்டில் மும்பை கொலாபா கண்காணிப்பு நிலையத்தில் பூமியின் காந்த வலிமையை அளந்து வந்தார்கள். செப்டம்பர் 2 அன்று அங்கே அது சுமார் 1,600 நானோ டெஸ்லா அளவுக்குச் சரிந்தது. 2024 மே புயலில் ஏற்பட்ட சரிவு உலக சராசரியில் சுமார் 400 நானோ டெஸ்லா. ஒன்று ஒரே ஊரின் அளவு, மற்றது பல ஊர்களின் சராசரி. ஆனாலும் 1859ல் வந்தது எத்தனை பெரியது என்று இதிலிருந்து ஊகிக்கலாம். அந்தப் புயலை ஆராய்பவர்கள் இன்றும் அந்தக் கொலாபா பதிவைத்தான் தேடி வருகிறார்கள்.

அன்று கம்ப்யூட்டர் இல்லை, கரண்ட் இல்லை. இருந்த ஒரே மின் வலைப்பின்னல் தந்தி. அது மட்டும் திண்டாடியது. தந்திக் கருவிகளில் தீப்பொறி பறந்தது, சில ஊழியர்களுக்கு ஷாக் அடித்தது. அமெரிக்காவில் பாஸ்டன் - போர்ட்லாண்ட் தடத்தில் ஊழியர்கள் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, புயலால் கம்பியில் ஓடிய மின்சாரத்தைக் கொண்டே சுமார் இரண்டு மணி நேரம் செய்தி அனுப்பினார்கள்!

தந்தி ஏன் பாதிக்கப்பட்டது? அதன் கம்பிகள் நீளமானவை. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்: சூரியப் புயல் தரையில் நீளமான கம்பிகளைத்தான் பிடிக்கும்.

உங்கள் வயரின் நீளம் எவ்வளவு?

பள்ளியில் படித்திருப்போம். காந்தப் புலம் மாறினால் அருகே உள்ள கம்பியில் மின்சாரம் உண்டாகும். டைனமோ வேலை செய்வது அப்படித்தான். புயலின்போது பூமியின் காந்தப் புலம் ஆடுகிறது. எனவே தரையில் கிடக்கும் கம்பிகளில் மின்னழுத்தம் தோன்றுகிறது. அது எவ்வளவு என்பது கம்பியின் நீளத்தைப் பொறுத்தது.

ஒரு கணக்குப் போடுவோம். பெரிய புயலில் ஒரு கிலோமீட்டருக்கு 2 வோல்ட் என்று வைத்துக் கொள்வோம்.

* 200 கிலோமீட்டர் நீள மின் பாதை: 400 வோல்ட்.
* 50 கிலோமீட்டர், அதாவது ஏறக்குறைய சங்கரன்கோவில் - திருநெல்வேலி தூரம்: 100 வோல்ட்.
* உங்கள் கம்ப்யூட்டரின் 2 மீட்டர் பவர் கேபிள்: 0.004 வோல்ட்.

உங்கள் யூ.எஸ்.பி. கேபிளில் சாதாரணமாகவே 5 வோல்ட் ஓடுகிறது. அதன் முன் 0.004 வோல்ட் எந்த மூலைக்கு? எனவே சூரியப் புயல் மேஜை மேல் உள்ள கம்ப்யூட்டரை நேரடியாக எரிக்காது. அது ஆன் ஆகி இருந்தாலும் சரி, ஆப் ஆகி இருந்தாலும் சரி.

அப்படியானால் 400 வோல்ட் ஏறும் நீண்ட மின் பாதைகள்? அங்கேதான் சிக்கல். லட்சக்கணக்கான வோல்ட் ஓடும் பாதைக்கு 400 வோல்ட் பெரிதில்லையே என்று தோன்றலாம். ஆனால் நம் கரண்ட் ஏ.சி. வகை. புயலால் வருவது மிக மெதுவாக மாறும், கிட்டத்தட்ட டி.சி. வகை. டிரான்ஸ்பார்மர் டி.சி.யைத் தாங்கும்படி செய்யப்பட்டதில்லை. அதன் இரும்பு உட்பகுதி காந்தத்தால் நிரம்பி வழிந்து, சூடேறும். பாதுகாப்பு ரிலேக்கள் ஒன்றன்பின் ஒன்றாக லைனைத் துண்டித்து விடும்.

1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் இதுதான் நடந்தது. சுமார் ஒன்றரை நிமிடத்தில் மாகாணம் முழுவதும் இருட்டானது. 60 லட்சம் பேருக்கு ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லை. 2003 அக்டோபர் 30ல் சுவீடனின் மால்மோ நகரிலும் சுமார் ஒரு மணி நேரம் மின்தடை ஏற்பட்டது.

கனடாவும் சுவீடனும் வட துருவத்துக்குப் பக்கத்தில் உள்ளவை. புயலின் மின்னோட்டங்கள் அங்குதான் பலமாக இறங்கும். சங்கரன்கோவில் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்பது டிகிரியில் உள்ளது. இங்கே அந்த ஆபத்து மிகக் குறைவு. 2024 மே புயலில் இந்தியாவில் பெரிய பாதிப்பு இல்லாமல் போனதற்கு நாம் நிலநடுக்கோட்டுப் பக்கம் இருப்பதும் ஒரு காரணம் என்று இஸ்ரோ சொன்னது.

இண்டர்நெட் அறுந்து போகுமா?

2023ல் இன்னொரு வதந்தி பரவியது. சூரியப் புயலால் உலகம் முழுவதும் பல மாதங்களுக்கு இண்டர்நெட் இருக்காது என்றார்கள். இதற்கும் ஒரு மூலம் உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் பேராசிரியராக உள்ள சங்கீதா அப்து ஜோதி, 2021ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். மாபெரும் புயல் வந்தால் இண்டர்நெட்டின் எந்தப் பகுதி பலவீனமானது என்று அதில் ஆராய்ந்திருந்தார். எந்த நாளில் புயல் வரும் என்று அவர் சொல்லவில்லை. வாட்ஸ் அப் அதற்கொரு தேதியைப் போட்டுவிட்டது!

உங்கள் வீட்டுக்கு வரும் பைபர் கேபிள் கண்ணாடி இழை. அதில் ஓடுவது ஒளி. காந்தப் புலம் ஆடினாலும் கண்ணாடியில் மின்சாரம் பிறக்காது. ஆனால் கடலுக்கு அடியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செல்லும் கேபிள்களில் ஒளி வழியிலேயே மங்கிவிடும். அதைக் கூட்டித் தருவதற்காகச் சுமார் 50 முதல் 150 கிலோமீட்டருக்கு ஒரு ரிப்பீட்டர் கருவி இருக்கும். அதற்குக் கரண்ட் தர கேபிளுக்குள்ளேயே ஒரு நீண்ட உலோகக் கம்பி ஓடுகிறது. மறுபடியும் நீளமான கம்பி! பலவீனம் அங்கேதான்.

இதிலும் துருவப் பகுதியை ஒட்டிச் செல்லும் கேபிள்களுக்கே ஆபத்து அதிகம் என்பது அந்த ஆய்வின் முடிவு. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குச் செல்லும் கேபிள்கள் நிலநடுக்கோட்டுப் பக்கமே உள்ளன. ஆனால் நாம் திறக்கும் வெப்சைட் அமெரிக்காவில் உள்ள சர்வரில் இருந்தால், அந்தப் பக்கத்துப் பிரச்னை நம்மையும் எட்டும்.

நம் ஊர் வானத்தில் ஒரு மின்னாறு

தரையில் நமக்கு ஆபத்து குறைவு என்றேன். வானத்தில் கதை வேறு.

தரையிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளியால் காற்று மின்னேற்றம் பெற்று அயனி மண்டலமாக உள்ளது. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அந்தக் கோட்டுக்கு மேலே பகல் நேரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெரிய மின்னோட்டம் ஆறு போல ஓடுகிறது. இதன் அகலம் சில நூறு கிலோமீட்டர். குமரி, நெல்லை, தென்காசி மாவட்டங்களில் இருப்பவர்களின் தலைக்கு மேலேதான் அது ஓடுகிறது!

இந்தியாவின் முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21ல் கேரளாவின் தும்பாவிலிருந்து ஏவப்பட்டதற்குக் காரணமே இதுதான். காந்த நடுக்கோட்டில் உள்ள ஊர் என்பதால்தான் விக்ரம் சாராபாய் அந்த மீனவக் கிராமத்தைத் தேர்வு செய்தார். இந்திய புவிகாந்தவியல் நிறுவனமும் இதே காரணத்துக்காகத் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆய்வகம் வைத்துள்ளது. அங்கே இரவு பகலாகக் காந்தப் புலத்தையும் மேல் வளிமண்டலத்தையும் அளக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்விடும் தூரம்தான். அப்படி ஓர் இடம் இருப்பதே என் கல்லூரி நாட்களில் எனக்குத் தெரியாது.

இதனால் நமக்கு என்ன? உங்கள் போனில் மேப் பார்க்கிறீர்கள் அல்லவா? அது ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகளை நம்பி இருக்கிறது. அவை சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. சிக்னல் புறப்பட்ட நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் கழித்து, தூரத்தைக் கணக்கிட்டு, நீங்கள் இருக்கும் இடத்தைப் போன் கண்டுபிடிக்கிறது. சிக்னல் அயனி மண்டலத்தைக் கடக்கும்போது சற்றுத் தாமதமாகும். ஒரு விநாடியில் பத்துக் கோடியில் ஒரு பங்கு தாமதமானாலே 3 மீட்டர் தவறு வந்துவிடும்.

நம் பகுதியில் சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலத்தில் குமிழ்கள் கிளம்புவதும் உண்டு. கொதிக்கும் கஞ்சியில் குமிழ் வருவதைப் போல. மார்ச் - ஏப்ரல், செப்டம்பர் - அக்டோபர் மாதங்களில் இவை அதிகம். இவற்றைக் கடந்து வரும் சிக்னல், நட்சத்திரம் மின்னுவதைப் போல மின்னி மின்னி வரும். புயல் இல்லாத நாளிலும் இது நடக்கும். சூரியன் சுறுசுறுப்பாக உள்ள ஆண்டுகளில் அதிகம் நடக்கும்.

தெருவில் நடக்கும் நமக்கு நான்கைந்து மீட்டர் பெரிதில்லை. தரையிறங்கும் விமானத்துக்குப் பெரிது. இதற்காகவே இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து ககன் என்ற திருத்தும் முறையை உருவாக்கின. நிலநடுக்கோட்டுப் பகுதியின் இந்தச் சிக்கலைச் சமாளிக்கும்படி செய்யப்பட்ட முதல் அமைப்பு அது. 2024 மே புயலில் அமெரிக்காவில் ஜி.பி.எஸ். உதவியுடன் ஓடும் டிராக்டர்கள் தடுமாறி, விதைப்பு நின்றது. நமக்கு அந்தப் புயலின் உச்சம் அதிகாலையில் வந்தது. அயனி மண்டலம் முழுதாக உருவாகாத நேரம். அதனால் தப்பித்தோம்.

தீப்பிழம்பின் எக்ஸ்-ரே பட்டால் பகல் பகுதியில் சிற்றலை வானொலியும் படுத்துவிடும். சிற்றலையில் வெளிநாட்டு ஒலிபரப்பு கேட்டுப் பழகியவர்களுக்கு, பகலில் திடீரென்று எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தில் காணாமல் போன அனுபவம் இருக்கும்.

சாட்டிலைட்டுகளுக்கு வேறு சிக்கல். புயலில் மேல் வளிமண்டலம் சூடாகி உப்பும். தாழ்வாகப் பறக்கும் சாட்டிலைட்டைக் காற்று உரசிக் கீழே இழுக்கும். 2022 பிப்ரவரியில் ஸ்பேஸ் எக்ஸ் நிறுவனம் ஏவிய 49 ஸ்டார்லிங்க் சாட்டிலைட்டுகளில் ஏறத்தாழ 40 இப்படித்தான் விழுந்து எரிந்தன. அது ஒரு சிறிய புயல்தான்.

ஒரு பிட் மாறினால்?

கம்ப்யூட்டருக்குள் எல்லாமே 0, 1 என்ற பிட்கள்தான். 5 என்ற எண்ணை 00000101 என்று மெமரி வைத்திருக்கும். வேகமான ஒரு துகள் மெமரி சிப்பைத் தாக்கி, முதல் பிட்டை மட்டும் 1 ஆக்கிவிட்டால் என்ன ஆகும்? 10000101. அதாவது 133! சிப் கெட்டுப் போகாது. கணக்கு மட்டும் தவறிவிடும்.

2025 நவம்பர் 28ல் ஏர்பஸ் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பலமான சூரியக் கதிர்வீச்சு, ஏ320 வகை விமானங்களின் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டரில் டேட்டாவைக் கெடுக்கக்கூடும் என்றது. பறக்கும்போது ஒரு விமானம் திடீரென மூக்கைத் தாழ்த்தியதை ஆராய்ந்தபோது இது தெரிய வந்ததாம். உலகம் முழுவதும் சுமார் 6,000 விமானங்கள். இந்தியாவில் இண்டிகோ, ஏர் இந்தியா விமானங்களும் அதில் அடக்கம். பெரும்பாலானவற்றுக்குத் தீர்வு என்ன தெரியுமா? சாப்ட்வேர் மாற்றம்தான். நாம் விண்டோஸ் அப்டேட் செய்வதைப் போல.

பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் அங்கே துகள்கள் அதிகம். தரையில் நமக்கு மேலே உள்ள காற்று, 10 மீட்டர் ஆழத் தண்ணீரின் எடைக்குச் சமம். அத்தனை கனமான கூரைக்குக் கீழே உங்கள் கம்ப்யூட்டர் இருக்கிறது. பிட் மாறுவது தரையிலும் எப்போதாவது நடக்கும். அதனால்தான் வங்கி சர்வர்களில் பிழையைத் தானே திருத்தும் இ.சி.சி. மெமரி போடுகிறார்கள். வீட்டுக் கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் அதற்குச் சூரியனைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் வைரஸ் இருக்கிறதா என்று பாருங்கள்!

காவல் இருப்பவர்கள்

நம் ஊர்ப் பக்கமே பலர் சூரியனைக் காவல் காக்கிறார்கள்.

* கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899ல் தொடங்கப்பட்டது. நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வருகிறது. பழைய கண்ணாடித் தகட்டுப் படங்களை எல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள். பழைய சூரியச் சுழற்சிகளை இன்று ஒரு சாப்ட்வேர் அலசிப் பார்க்க முடிகிறது.

* ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 என்ற கருவித் தொகுதி உள்ளது. 2015 ஜூன் 22ல் புயல் தாக்கியபோது, விண்ணிலிருந்து வரும் துகள்களின் எண்ணிக்கை அங்கே இரண்டு மணி நேரம் கூடியது. பூமியின் காந்தக் கவசம் அந்த நேரம் பலவீனப்பட்டதற்கு அது சாட்சியானது.

* ஆதித்யா எல்-1 விண்கலம் 2023 செப்டம்பர் 2ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, 2024 ஜனவரி 6ல் தன் இடத்தை அடைந்தது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, எங்கள் தென்காசி மாவட்டம் செங்கோட்டையைச் சேர்ந்தவர். 2024 மே புயலையும் இந்த விண்கலம் பதிவு செய்தது.

ஆதித்யா நிற்கும் இடம் பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தூரம். விநாடிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மேகம், அந்த இடத்தைக் கடந்த பின் பூமியை அடைய சுமார் 31 நிமிடம் ஆகும். ஊர் எல்லையில் காவலாளி நிற்பதைப் போலத்தான் இது. அந்த அரை மணி நேரம் மின் வாரியங்களுக்கும் சாட்டிலைட்டுகளை இயக்குபவர்களுக்கும் பொன்னான நேரம்.

நீங்களே பார்க்கலாம்

வாட்ஸ் அப் தகவல் உண்மையா என்று உங்கள் கம்ப்யூட்டரிலேயே சரி பார்க்கலாம்.

1. பிரவுசரைத் திறந்து, தேடும் கட்டத்தில் ஸ்பேஸ் வெதர் பிரடிக்ஷன் சென்டர் என ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும்.

2. முதலில் வரும் முடிவுகளில் அமெரிக்க அரசின் நோவா அமைப்புடைய தளத்தைக் கிளிக் செய்திடவும்.

3. பக்கத்தின் மேலே ஆர், எஸ், ஜி என்ற மூன்று கட்டங்கள் இருக்கும். ஆர் என்றால் ரேடியோ பாதிப்பு. எஸ் என்றால் துகள் புயல். ஜி என்றால் புவிகாந்தப் புயல்.

4. எண் எதுவும் இல்லாவிட்டால் அமைதி என்று பொருள். 1 என்றால் சிறியது, 5 என்றால் மிகப் பெரியது. அடுத்த மூன்று நாள் முன்னறிவிப்பும் அங்கேயே கிடைக்கும்.

ஒரு நிமிட வேலை. அந்தப் பக்கத்தில் எதுவும் இல்லை என்றால், வந்த தகவலைப் பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டாம்.

உங்கள் கம்ப்யூட்டரின் உண்மையான எதிரி

மாமா கதை அந்த மே மாதத்தோடு முடியவில்லை. அதே ஆண்டு ஐப்பசியில் ஒரு மாலை, மலைப் பக்கமிருந்து கருமேகம் திரண்டு வந்தது. இடி இடித்தது. அன்று மாமா எதையும் பிடுங்கவில்லை. தெருவில் எங்கோ விழுந்த மின்னலின் வேகம் கரண்ட் லைன் வழியாக மோடம் அடாப்டரில் ஏறி, மோடத்திலிருந்து நெட்வொர்க் கேபிள் வழியாக மதர்போர்டு வரை போய்விட்டது. மோடமும் மதர்போர்டும் காலி. ஹார்ட் டிஸ்க்கும் உயிர் பெறவில்லை. எட்டு மாதக் கணக்கு அதற்குள் இருந்தது. பேக் அப் கிடையாது. பில் புத்தகங்களை விரித்து வைத்து, அத்தையும் அவருமாக மறுபடி டைப் செய்ய மூன்று வாரம் ஆனது.

15 கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வந்த புயலுக்குப் பிளக்கைப் பிடுங்கினார். தலைக்கு மேல் வந்த இடிக்கு விட்டுவிட்டார். எனவே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கீழே உள்ளவற்றைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

* இடிச் சத்தம் தூரத்தில் கேட்கும்போதே கம்ப்யூட்டரை முறையாக ஷட் டவுன் செய்து, பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிடவும். ஸ்விட்சை ஆப் செய்தால் மட்டும் போதாது. மின்னல் தலைக்கு மேல் வெட்டும்போது வயர்களைத் தொட வேண்டாம்.

* மோடத்தின் அடாப்டரையும், மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் நெட்வொர்க் கேபிளையும் கழற்றவும். பலரும் மறப்பது இதைத்தான்.

* வீட்டு எர்த்திங் சரியாக உள்ளதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக் கொள்ளவும். மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைத்து இரண்டு பின் பாயின்ட்டில் சொருகவே கூடாது.

* யூ.பி.எஸ். அவசியம் தேவை. அது தரும் பத்துப் பதினைந்து நிமிடம், பைல்களை சேவ் செய்து ஷட் டவுன் செய்வதற்காக. மின்தடைக்குக் காரணம் சூரியனா, பக்கத்துத் தெரு டிரான்ஸ்பார்மரா என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆனால் மின்னலை யூ.பி.எஸ். தடுத்துவிடும் என்று நம்ப வேண்டாம்.

* முக்கிய பைல்களுக்கு மூன்று பிரதிகள் வைக்கவும். ஒன்று கம்ப்யூட்டரில். ஒன்று எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில். ஒன்று வீட்டுக்கு வெளியே, கூகுள் டிரைவ் போன்ற இடத்திலோ உறவினர் வீட்டிலோ. எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் காப்பி செய்து முடித்ததும், அதைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிடவும். கம்ப்யூட்டரிலேயே மாட்டி வைத்திருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும்.

* வெளியூர்ப் பயணத்தில் போன் மேப் இடம் மாற்றிக் காட்டினால் பதற வேண்டாம். முன்பே மேப்பை டவுன்லோட் செய்து வைத்திருந்தால் ஊர்ப் பெயர்ப் பலகையைப் பார்த்தே வழி கண்டுபிடித்துவிடலாம்.

இவற்றில் எதுவுமே சூரியப் புயலுக்கு என்று தனியாகச் செய்வது இல்லை. ஆனால் 1859ல் வந்ததைப் போன்ற ஒன்று மறுபடி வந்து, எங்கோ நீண்ட கம்பிகளில் கோளாறு ஏற்பட்டு, நம் வீட்டில் சில மணி நேரம் கரண்டோ இண்டர்நெட்டோ இல்லாமல் போனாலும், உங்கள் கணக்கும் போட்டோக்களும் பத்திரமாக இருக்கும்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மாமாவின் மேஜைக்கு மேலே சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. அத்தையின் கையெழுத்து. "வெள்ளிக்கிழமை பேக் அப். இடி இடித்தால் இரண்டு பிளக், ஒரு கேபிள்." சூரியனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.